320 நாள் நிற்கும் கார்

ஆல்ஃபா ரோமியோ 2000 ஜிடி வெலோச்சே 1971 முதல் 1976 வரை வந்தது. 1962 சிசி அலுமினிய எஞ்சின், ஐந்து கியர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். காலையில் மிலானில் ஏறினால் மாலையில் கடற்கரையில் இறங்கலாம் என்ற எண்ணத்தில் செய்த வண்டி. சிங்கப்பூரில் இதைக் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிந்தால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலைக்கு எடுக்கலாம். மீதி 320 நாள் கார் நிறுத்துமிடத்தில்தான். எடுக்கும் நாளிலும் பாதி நேரம் சிக்னலில் நிற்கும். இத்தாலிய கார் என்றாலே தொல்லை என்பவர்கள் பெரும்பாலும் நின்று கெட்ட வண்டியைப் பார்த்தவர்கள்.

இரண்டு வாரம் நின்ற வண்டியில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணங்கள் வற்றியிருக்கும். சாவியைத் திருப்பியதும் ஆக்சிலரேட்டரை மிதிப்பதில் பயனில்லை. காலை எடுத்துவிட்டுப் பத்து விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். எஞ்சினோடு சுழலும் பம்பு பெட்ரோலை இழுத்துக் கிண்ணத்தை நிரப்பும், எண்ணெயும் கொஞ்சம் மேலே ஏறும். அரை நிமிடம் விட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மூன்று தடவை அழுத்தி, மறுபடி சுற்றுங்கள். குளிரில் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக் நம் ஊர் வெப்பத்துக்கு வேண்டியதில்லை. அதை இழுத்தால் அதிகப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் ஐந்தாறு நிமிடத்தில் 80 டிகிரியைத் தொடும். அதை நம்பி மிதிக்காதீர்கள். எண்ணெய்த் தொட்டியில் ஆறு லிட்டருக்கு மேல் இருக்கிறது, அது சூடேற இருபது நிமிடமாவது ஆகும். அதுவரை எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்ட வேண்டாம். கியர்பெட்டிக்கும் இதே கணக்குதான். இந்த வண்டியில் முதலில் தேய்வது இரண்டாம் கியரின் சிங்க்ரோ, அதாவது பற்கள் சேருமுன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம். குளிர்ந்த எண்ணெயில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு வேகமாகத் தள்ளினால் 'கிர்க்' என்று கடிக்கும். நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்தித் தள்ளுங்கள். கியரைக் குறைத்து வரும்போது கிளட்சை இரண்டு தடவை மிதித்து நடுவில் எஞ்சினைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். கியர் எண்ணெய் ஜிஎல்-4 ரகமாக இருக்கட்டும். ஜிஎல்-5 இன்னும் உயர்ந்தது என்று ஊற்றுகிறார்கள். இந்தச் சிங்க்ரோ உராய்வில் வேலை செய்வது, வழவழப்புக் கூடினால் பிடிக்காமல் கடிக்கத்தான் செய்யும்.

இதனால்தான் பக்கத்துப் பரோட்டா கடைக்கு மட்டும் போய்வரும் ஓட்டம் வண்டிக்கு நல்லதல்ல. எண்ணெய் சூடேறாவிட்டால் உள்ளே படிந்த ஈரம் ஆவியாகாது, எண்ணெய் மூடியின் அடியில் வெள்ளையாகப் பாலாடை போல ஒட்டும். அதைப் பார்த்து, எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் போச்சு என்று பதற வேண்டாம். எண்ணெய் அளவுக்கம்பி சுத்தமாக இருந்து, கூலண்டும் குறையாமல் இருந்தால் அது வெறும் ஈரம். கேஸ்கெட்டில் எண்ணெய் வழிகளைச் சுற்றி ஆறு ரப்பர் வளையங்கள் உண்டு. அவை இறுகிப்போனால் பெரும்பாலும் எண்ணெய்தான் கூலண்டுக்குள் போகும், ரேடியேட்டரின் மேல் பரப்பில் படலமாக மிதக்கும். அப்போது கவலைப்படலாம். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிராஞ்சி, நியோ தியூ, லிம் சூ காங் என்று ஒரு மணி நேரம் சுற்றுவது இரண்டு மாத நிறுத்தத்தின் பாவத்தைக் கழுவும். 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி ஓடிய பழைய அப்பர் தாம்சன் சாலைக்குப் போக எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் எண்ணெய் சூடேற அந்தத் தூரம் போதாது.

இனி வெப்பம். மத்திய விரைவுச்சாலையின் சுரங்கப்பாதையில் மாலை ஆறு மணிக்கு நின்றால், எஞ்சினோடு சுழலும் விசிறி 800 சுற்றில் பெரிதாகக் காற்றை இழுக்காது. போகும்போது 80ல் இருந்த முள் பத்து நிமிடத்தில் 100ஐப் பார்க்கும். ரேடியேட்டரின் உள்குழாய்க் கட்டையைப் புதிதாகப் போட்டு, 90 டிகிரி அளவில் தானே இயங்கும் மின்விசிறி ஒன்றையும் சேர்ப்பதுதான் தீர்வு. பழைமையைக் கெடுக்கிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ஏர்கான் போட்டிருந்தால் அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று காற்றை மறைக்கும், அப்போது மின்விசிறி கட்டாயம். முள் ஏறத் தொடங்கினால் ஏர்கானை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, கண்ணாடியை இறக்கிவிடுங்கள். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். வேர்த்துக் கொட்டும், எஞ்சின் பிழைக்கும். இங்கே பனி உறையாது என்று வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கூலண்டில் நமக்கு வேண்டியது அரிப்புத் தடுப்பான். அலுமினியமும் சிலிண்டர் சுவரான இரும்பு லைனரும் ஒரே தண்ணீரில் நின்றால் அலுமினியம்தான் கரையும்.

சூடான வண்டியை அணைத்துப் பதினைந்து நிமிடம் கழித்து எழுப்புவது தனிக் கலை. காற்றோட்டம் நின்றதும் பானட்டுக்குள் வெப்பம் ஏறி, கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து எஞ்சினுக்குள் வழிந்திருக்கும். பம்ப் செய்தால் இன்னும் மூழ்கும். ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்தபடி ஐந்தாறு விநாடி சுற்றுங்கள், பற்றியதும் மெல்ல விடுங்கள்.

நின்று கெடுவதில் முதலிடம் கார்புரேட்டரின் ஐடில் ஜெட்டுக்கு, குறைந்த சுற்றில் பெட்ரோல் விடும் சின்னத் துளைக்கு. இரட்டை வெபர் 40 டிசிஓஇ கார்புரேட்டர் வைத்த வண்டி 3,000 சுற்றுக்கு மேல் பாடிக்கொண்டு போய், அதற்குக் கீழே மட்டும் துப்பி, தும்மி, மூன்று சிலிண்டரில் ஓடுவது போலத் தள்ளாடினால், பழைய பெட்ரோல் வற்றிய பசை அந்தத் துளையில் அடைத்திருக்கிறது. கார்புரேட்டரின் தலையில் உள்ள வட்ட மூடியைக் கையால் திருகி எடுத்தால் ஜெட்கள் அங்கேயே இருக்கும். கழற்றி, கிளீனர் அடித்து, காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதானால் அளவே போய்விடும். ஊதியும் சரியாகவில்லையா? கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர் மவுண்டைப் பாருங்கள். ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்திருக்கும், பார்வைக்குத் தெரியாது. ஐடிலில் ஓடவிட்டு அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கார்ப் கிளீனர் அடியுங்கள், எக்ஸாஸ்ட் பக்கம் தெறிக்கக் கூடாது. சுற்று மாறினால் காற்று உறிஞ்சுகிறது. அப்படியே ஓட்டினால் கலவை மெலிந்து பிஸ்டன் வேகும்.

ஜொகூர் போகிறவர்களுக்கு ஒன்று. சோதனைச்சாவடியில் முக்கால் தொட்டி பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பது முள்ளைத்தான். தொட்டி நிறைந்தும் முள் பாதியில் படுத்திருந்தால் வாதாடிப் பயனில்லை. தொட்டிக்குள் இருக்கும் மிதவையின் இணைப்பைச் சுத்தம் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பி வந்து நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். பின் டிஸ்க்கின் நடுவில் சின்ன டிரம் இருக்கிறது, நம் ஈரத்தில் அதன் ஷூ ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். கிளட்ச் தட்டும் இதே போல ஃப்ளைவீலோடு ஒட்டும், அதனால் ஓட்டாத வாரத்திலும் பெடலை நாலு தடவை மிதித்துவிடுங்கள். அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் சார்ஜர் செருக இடமில்லை என்பதால் பேட்டரிக்கு ஒரு துண்டிப்புச் சுவிட்ச் போதும். பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்துவைக்கும், மூன்று அடுக்குத் தகடாலான பக்கச் சட்டம் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயிண்ட் குமிழும்போது உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது. துணி உறை போடுங்கள், அதையும் வண்டி முழுதாக ஆறிய பிறகு.