வேரைத் தொடாமல் ஒரு தேநீர்

ஜூன் 18
மூன்று வாரமாக மழை இல்லை. முன்வாசல் புல்தரை வைக்கோலாகிவிட்டது. பின்பக்க வேலியோரம் நிற்கும் மூன்று பர்ப்பிள் பிரெய்ரி க்ளோவர் செடிகள் மட்டும் அசரவில்லை. பயறு இனத்தைச் சேர்ந்த புல்வெளிச் செடி இது. ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை, பூத்திருக்கின்றன! விரல் நுனி அளவில் ஒரு கூம்பு. அதன் அடியைச் சுற்றி ஊதாப் பூக்களின் வளையம், ஆரஞ்சு நிற மகரந்தத்தோடு. நாளாக ஆக வளையம் மேலே ஏறும்.

ஜூன் 21
கான்சா பிரெய்ரி என்ற புல்வெளிக் காப்பகம் வரை போய் வந்தேன். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இந்த ஃபிளின்ட் ஹில்ஸ் பகுதியில் சுண்ணாம்புக் கல்லும் சக்கிமுக்கிக் கல்லும் மேலாகவே கிடப்பதால் ஏர் இறங்கவில்லை. புல்வெளி பிழைத்தது அதனால்தான். உயரமான புற்களுக்கு நடுவே அதே க்ளோவர். இரண்டு மூன்று அடிச் செடிக்கு ஐந்தாறு அடி ஆழம் போகும் ஆணிவேர். என் செடிகள் முதல் வருடம் நாலு இலையோடு நின்றபோது, தேறாது என்று பிடுங்கப் போனேன். அப்போது அவை கீழே வேலை செய்துகொண்டிருந்திருக்கின்றன.

ஜூன் 22
வெயில். வேறொன்றும் இல்லை.

ஜூன் 25
நிழலில் காயவைத்த இலையில் தேநீர் போட்டேன். அமெரிக்கப் பூர்வகுடிகளான லகோட்டா மக்கள் இப்படிக் குடித்திருக்கிறார்கள். பயறு வெந்த தண்ணீர் மாதிரி மெல்லிய வாசனை, கடைசியில் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு டானின் என்ற தாவரச் சத்தினுடையது. மாடுகள் இதை விரும்பி மேய்ந்தும் வயிறு உப்பாமலிருக்க அதுவே காரணம். மெஸ்க்வாக்கி என்ற இன்னொரு பூர்வகுடி மக்கள் இந்தச் செடியைத் தட்டம்மைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதற்காகத் தடுப்பூசியை யாரும் விட்டுவிட வேண்டாம்.

ஜூன் 29
பூர்வகுடிகள் செடிகளைப் பயன்படுத்திய விதத்தை ஆராய்ந்த மெல்வின் கில்மோர் 1919-இல் எழுதிய குறிப்புகளைப் படித்தேன். பானி என்ற பூர்வகுடி மக்கள் இதன் வேரை இடித்து வெந்நீரில் போட்டு, தெளிந்ததும் நோய் அண்டாமலிருக்கக் குடிப்பார்களாம். அடியில் தங்கிய வண்டலைக் கொட்டிவிட மாட்டார்கள். குடித்த சிப்பி ஓட்டிலேயே எடுத்துப்போய் மரியாதையோடு புதைப்பார்களாம். இதை இரண்டு தடவை படித்தேன். இதன் தண்டில் விளக்குமாறும் கட்டினார்கள். போன்கா பூர்வகுடி மக்கள் ருசிக்காக வேரை மென்றார்கள்.

எனக்கும் மென்று பார்க்க ஆசைதான். கடப்பாரையோடு போய் நின்றேன். வேரை எடுத்தால் செடி போய்விடும், இருப்பதே மூன்று. திரும்பி வந்து இலைத் தேநீரே போட்டுக்கொண்டேன்.

ஜூலை 14
வளையம் நுனிக்கு வந்துவிட்டது. விதை முற்றட்டும், கூம்புகளைத் தொடப்போவதில்லை. ஓடு கெட்டியான விதை, உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால்தான் நன்றாக முளைக்கும். முன்வாசல் புல்தரையில் பாதியைக் கொத்திப்போட்டு இதை விதைக்கலாம் என்றிருக்கிறேன். வீட்டில் சரி சொல்லியாயிற்று.