தூக்குப்போசியும் சாவித்துவாரமும்

தங்கை மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போன மாதம் விடுமுறைக்குக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்திருந்தபோது, ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலைத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டே நாளில் முடித்துவிட்டு, “மாமா, இந்த பார்சன்ஸ் நெஜமாவே முட்டாளா, இல்ல நடிக்கிறானா?” என்று கேட்டாள். பார்சன்ஸ் அந்த நாவலின் நாயகன் அல்லன். நாயகனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன், கட்சி வேலை என்றால் வியர்க்க வியர்க்க ஓடும் விசுவாசி. அவனும் ஒருநாள் கைதாகிச் சிறை அறைக்குள் வந்து சேர்கிறான். தூக்கத்தில், நாட்டின் தலைவரைக் குறிக்கும் பெயரைச் சொல்லி ‘பெரிய அண்ணன் ஒழிக’ என்று உளறியிருக்கிறான். சாவித்துவாரத்தில் காதை வைத்து அதைக் கேட்ட ஏழு வயது மகள், மறுநாளே போய்க் காவலரிடம் சொல்லிவிட்டாள். அவனோ மகளை நொந்துகொள்ளவில்லை; பெண்ணைச் சரியாகத்தான் வளர்த்திருக்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறான்.

நான் அன்றைக்குச் சரியான பதில் சொல்லவில்லை. பாவம், அவனுக்கு வேறென்ன தெரியும் என்று எதையோ சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். போகும் வழியில் பழைய சாளை (தோட்டத்துக் குடிசை) இருந்த மேட்டைத் தாண்டும்போதுதான், அவள் கேட்டதற்கான பதிலின் ஒரு பகுதி எங்கள் வீட்டிலேயே கிடக்கிறது என்று தோன்றியது.

டிஸ்டோபியா என்று சொல்லப்படும் கெடுகனவு உலகத்து அரசியல் நாவல்களை, 1986இல் சித்தூர் அரசுக் கல்லூரியில் படித்த காலம் முதல் விடாமல் படித்து வருகிறேன். அவற்றில் பலவற்றில் ஏதேனும் ஒரு குடும்பம் பிளந்து கிடக்கும். அண்ணன் அரசாங்கத்தின் பக்கம் நிற்பான், தம்பி கலகக்காரர்களோடு காட்டில் இருப்பான், தாய் இருவருக்கும் சோறு வைத்துக் காத்திருப்பாள். ‘கொள்கை ஒரு குடும்பத்தைப் பிரித்த கதை’ என்று பின்னட்டையில் அச்சிட்டுவிடுவார்கள். பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வரி எப்போதுமே போதாததாக இருக்கிறது. ஏனென்றால் கொள்கையால் பிரிந்த குடும்பம் என்பது எங்கள் பகுதியில் கெடுகனவு அன்று, அன்றாடம். ஒரே டீக்கடைப் பெஞ்சில் மாத்ருபூமி நாளிதழும் மார்க்சிஸ்ட் கட்சி நாளிதழான தேசாபிமானியும் கிடக்கும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். கட்சி வாதத்தை மலையாளத்தில் தொடங்குவார்கள், குரல் ஏறியதும் தமிழுக்கு வந்துவிடுவார்கள்.

கேரளத்தின் பொதுவாழ்வே இதற்குப் பெரிய எடுத்துக்காட்டைத் தந்திருக்கிறது. 1957இல் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் கே.ஆர்.கௌரி அம்மாவும் டி.வி.தாமஸும் அமைச்சர்களாக இருந்தார்கள். அந்த ஆண்டிலேயே திருமணமும் செய்துகொண்டார்கள். 1964இல் கட்சி இரண்டாக உடைந்தபோது கௌரி அம்மா மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போனார், தாமஸ் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியிலேயே நின்றார். 1967 அமைச்சரவையில் இருவரும் மறுபடியும் சக அமைச்சர்கள்தாம், ஆனால் வெவ்வேறு கட்சிகளின் அமைச்சர்கள். கட்சிக்கு வந்த விரிசல் அந்த மணவாழ்வுக்குள்ளும் இறங்கியது. அது துயரமான கதை, ஆனால் அதை யாரும் கெடுகனவு நாவல் என்று சொல்லமாட்டார்கள். அங்கே இல்லாதது எது என்று யோசித்தால் இந்த நாவல்களின் இயந்திரம் பிடிபடுகிறது: ஒருவரைப் பற்றி மற்றவரிடம் வந்து விசாரித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போக, கதவுக்கு வெளியே ஒருவன் நிற்கவில்லை.

எங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே அப்படி ஒருவர் வந்து நின்றது 1976இல். நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தது. அப்போது கேரளத்தை ஆண்டது காங்கிரசும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்த கூட்டணி. முதலமைச்சர் அச்சுத மேனன் ஒரு கம்யூனிஸ்ட், ஆனால் அவருடைய ஆட்சியில் உள்ளே போடப்பட்டவர்களில் மார்க்சிஸ்டுகள் ஏராளம். (இந்தச் சிக்கலை வெளியூர் நண்பர்களுக்கு விளக்கி நான் ஒருமுறைகூட வென்றதில்லை.) என் அப்பா காங்கிரஸ்காரர். பெரியப்பா மார்க்சிஸ்ட். 1967 தேர்தலில் மூண்ட வாய்த்தகராறுக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்தில்கூட ஆளுக்கொரு மூலையில்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்று அம்மா சொல்லுவார். தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் பெரியப்பா வந்து சேர்ந்தது, பேச்சில்லாத அந்தத் தம்பியின் தோட்டத்துச் சாளைக்கு. அப்பாவிடம் அவர் கேட்கவில்லை, அப்பாவும் வா என்று சொல்லவில்லை. இருட்டின பிறகு அப்பத்தா தூக்குப்போசியில் களியும் கொள்ளுப்பருப்பும் எடுத்துக்கொண்டு, மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புவார். போசி இரண்டு பேர் சாப்பாட்டுக் கனம் கனத்ததை அப்பா பார்த்தும் பார்க்காதவராக இருந்தார்.

விசாரிக்க வந்த காவலரிடம் அப்பா சொன்ன பதிலை எங்கள் வீட்டில் எல்லாருமே மனப்பாடமாகச் சொல்லுவோம்: “எங்க அண்ணனும் நானும் பேசி ஒம்பது வருசம் ஆச்சுங்க. அவரு எங்க இருக்காருன்னு உங்களுக்குத் தெரிஞ்சா எனக்கும் சொல்லியுடுங்க.” முதல் வாக்கியம் முழு உண்மை. ஊர் முழுக்க அதற்குச் சாட்சி. அந்த உண்மையின் நிழலில் இரண்டாவது வாக்கியம் தப்பித்துக்கொண்டது. அண்ணன் தம்பி ஒட்டும் உறவுமாக இருந்திருந்தால் முதல் நாளே சாளையைச் சோதித்திருப்பார்கள். கொள்கை பிரித்து வைத்திருந்ததால்தான் பெரியப்பா நான்கு மாதம் அங்கே இருக்க முடிந்தது. பிளவே மறைவிடமாகிப் போன இந்த விந்தையை எந்த த்ரில்லரிலும் நான் இன்னும் பார்க்கவில்லை. கள்ளக்கதவு, போலிக் கடவுச்சீட்டு, நள்ளிரவு லாரி என்று எத்தனையோ உத்திகளை அடுக்குகிறவர்களுக்கு, ஊரறிந்த ஒரு பங்காளிச் சண்டை எவ்வளவு உறுதியான சுவர் என்பது தெரியாமல் போனது வியப்புதான்.

எல்லா வீட்டுக்கும் அந்தச் சுவர் வாய்க்கவில்லை. அதே ஆண்டு மார்ச் 1ஆம் தேதி கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். கக்கயம் காவல்துறை முகாமுக்குப் போனவர் திரும்பவே இல்லை. அவருடைய தந்தை ஈச்சர வாரியர் ஆட்கொணர்வு மனுப் போட்டு நடத்திய வழக்கின் விளைவாக, நெருக்கடி நிலையின்போது உள்துறை அமைச்சராக இருந்த கருணாகரன் 1977 ஏப்ரலில் முதலமைச்சர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய மாதம் நடந்த தேர்தலில் நாடு முழுக்கக் காற்று மாறி அடித்தபோது, கேரளத்தில் ஆளுங்கூட்டணியே 140 இடங்களில் 111ஐப் பிடித்தது. அப்பா அந்த வெற்றிக்கு மிட்டாய் கொடுத்தாராம். சாளையில் நான்கு மாதம் அண்ணனை ஒளித்து வைத்தவரும் மிட்டாய் கொடுத்தவரும் ஒரே ஆள் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது.

இந்த வகை நாவல்களில் நான் முதலில் தேடுவது இப்படிப்பட்ட ஆளைத்தான். ஆர்வெல் எழுதிய அரசு, அப்பா சொன்ன மாதிரியான பதிலைச் சொல்லவே முடியாத அரசு. அங்கே பேசாமல் இருப்பதும் குற்றம், முகம் மாறுவதும் குற்றம். வீட்டுக்குள் நடப்பது அனைத்தையும் சுவரில் இருக்கும் திரை பார்த்துக்கொண்டிருக்கும், திரைக்கு எட்டாததைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். பார்சன்ஸின் மனைவி தன் பிள்ளைகளைக் கண்டே நடுங்குகிறாள் என்பதை நாவலின் தொடக்கத்திலேயே, அடைத்துக்கொண்ட தொட்டியைச் சரிசெய்யப் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடும் ஒரு சின்னக் காட்சியில் காட்டிவிடுகிறார். சித்திரவதை அறைகளைவிட அந்தச் சமையலறைதான் என்னைக் கலங்க வைத்தது.

மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்களுக்கு வரலாறு இடம் கொடுக்கவில்லை. கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி என்ற உளவு அமைச்சகத்தில் 1989இல் ஏறத்தாழ 90,000 பேர் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். அவர்களுக்குச் சேதி சொன்ன அண்டை அயலார், நண்பர், உறவினர் 1,70,000 பேருக்கும் மேல். 1992 ஜனவரியில் அந்தக் கோப்புகளைக் குடிமக்கள் பார்க்க அனுமதி கிடைத்தது. எதிர்ப்பாளராக இருந்து சிறை சென்ற வேரா வோலன்பெர்கர், தன்னைப் பற்றி ‘டொனால்டு’ என்ற மறைபெயரில் அறிக்கை எழுதிக் கொடுத்தவர் தன் கணவரே என்று அறிந்தார். சீனத்தில் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில், 1970இல், வீட்டுக்குள் மாவோவைக் குறைசொன்ன தாயைக் கணவரும் பதினாறு வயது மகனும் காட்டிக்கொடுத்தார்கள், தாய் சுட்டுக்கொல்லப்பட்டார். மகன் சாங் ஹோங்பிங் 2013இல் அதை வெளிப்படையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். இரண்டு வீடுகளிலும் சண்டை சச்சரவுக்கான அடையாளம் வெளியே தெரிந்திருக்காது, ஒன்றாகச் சாப்பிட்டார்கள், ஒரே கூரைக்குள் உறங்கினார்கள். பேச்சே இல்லாத எங்கள் வீடு ஆளைக் காப்பாற்றியதையும், பேச்சுக்குக் குறைவில்லாத அந்த வீடுகள் ஆளைக் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1953) நாவலில், புத்தகம் வைத்திருந்த கணவனைப் பற்றித் தகவல் கொடுப்பவள் மனைவி மில்ட்ரெட். அவளுக்குக் கொள்கை என்று எதுவும் கிடையாது. சுவரளவு தொலைக்காட்சியில் வரும் பாத்திரங்களைத்தான் தன் ‘குடும்பம்’ என்று சொல்லிக்கொண்டிருப்பாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடும்போதும், போச்சே போச்சே என்று அவள் அரற்றுவது அந்தக் குடும்பத்துக்காக. மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ (1985) இன்னும் நுட்பமானது. பெண்களின் வேலையையும் வங்கிக் கணக்கையும் ஒரே நாளில் பறித்து, பணத்தின் பொறுப்பைக் கணவன்மார்களுக்கு அரசு மாற்றிவிடுகிறது. நாயகியின் கணவன் லூக் நல்லவன், அந்த அரசை ஆதரிப்பவன் அல்லன். அன்றிரவு அவன் சொல்வதெல்லாம், உன்னை நான் பார்த்துக்கொள்வேன் என்பதுதான். அந்த ஆறுதல் வார்த்தையிலேயே தன்னை அவன் ஒரு படி மேலே நின்று பார்க்கத் தொடங்கிவிட்டதை அவள் உணர்கிறாள். காட்டிக்கொடுக்காத ஒருவன்கூட, தனக்குக் கிடைத்த சலுகையை உள்ளூர எவ்வளவு ரசிக்கிறான் என்று நாம் கேட்க வேண்டிவருகிறது.

அண்மையில் வரும் த்ரில்லர்களில் பல எனக்குப் பிடிக்காமல் போவதற்குக் காரணம், அரசின் பக்கம் நிற்கும் உறவினரை முதல் அத்தியாயத்திலேயே சீருடை மாட்டி வில்லனாக்கிவிடுவது. அப்புறம் துரத்தலும் தப்பித்தலும் தவிர என்ன மிஞ்சும்? 2023இல் புக்கர் பரிசு பெற்ற பால் லிஞ்சின் ‘ப்ராஃபெட் சாங்’ அந்தத் தவறைச் செய்யவில்லை. சர்வாதிகாரத்துக்குள் சரியும் அயர்லாந்தில், எய்லிஷ் என்ற பெண்ணின் ஆசிரியர் சங்கத்துக்காரரான கணவன் கைதாகிக் காணாமல் போகிறான், மூத்த மகன் கிளர்ச்சிப் படைக்குப் போய்விடுகிறான், கனடாவில் இருக்கும் தங்கை கிளம்பி வந்துவிடு என்று கெஞ்சுகிறாள். நினைவு தப்பிக்கொண்டிருக்கும் தந்தையை விட்டு எப்படி வருவது என்று எய்லிஷ் நாளைத் தள்ளிப்போடுகிறாள். அந்த வீட்டைப் பிளப்பது கொள்கையாகக்கூட இல்லை. போவதா, இருப்பதா என்ற கேள்வி. பத்தி பிரிக்காமல், மேற்கோள் குறி இல்லாமல் எழுதியிருப்பதால் மூச்சு முட்டும். பாதியில் இரண்டு வாரம் மூடி வைத்துவிட்டுத்தான் முடித்தேன்.

பார்சன்ஸைப் பற்றித் தங்கை மகளிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்கும் வீட்டுக் கதையில், காவலர் ஒரே முறை வந்து, அவளுடைய தாத்தாவின் அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். உண்மையில் அவர் மூன்று முறை வந்தார். மூன்றாவது முறை மிரட்டவில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு, கிணற்று மோட்டாருக்கு மின்சாரம் கேட்டு நீங்கள் எழுதிக் கொடுத்த மனு இரண்டு வருடமாக நிற்கிறதாமே, நான் சொன்னால் நடக்கும் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வருடம் மழை இல்லை, கடலைக்காய் காய்ந்துகொண்டிருந்தது. இதை அப்பா தன் கடைசிக் காலத்தில் என்னிடம் மட்டும் சொன்னார், அதுவும் பெரியப்பா போய்ச் சேர்ந்த பிறகு.

“சொல்லலாம்னு நெனச்சீங்களாப்பா?” என்று கேட்டேன்.

வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அன்னிக்கு ராத்திரி பூரா மோட்டார் ஓடற சத்தம் காதுக்குள்ள கேட்டுட்டே இருந்துச்சு கண்ணு” என்றார்.