முதலில் புகைக்குச் செலவழியுங்கள்

டொரொன்டோவின் ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிய கொண்டோ, அதாவது சொந்த அடுக்குமாடி வீடு, 1988இல் கட்டப்பட்ட மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. எங்களுக்கு முன் அங்கே வாழ்ந்த வயதான தம்பதியர் வீட்டைக் கண்ணும் கருத்துமாகப் பேணியிருந்தார்கள். ஆனால் குசினியில் மட்டும் கைவைக்கவில்லை. அந்தக் காலத்துக் கொண்டோக்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குசினி தெரிந்ததுதான்: வெள்ளை மெலமைன் கதவுகள், ஒவ்வொரு கதவின் அடியிலும் கைப்பிடிக்குப் பதிலாக நீளமான ஓக் மரச் சட்டம், பாதாம் நிற லமினேட் மேடை, உட்கூரையில் பிளாஸ்டிக் மூடி போட்ட குழல்விளக்குப் பெட்டி. எட்டடிக்குப் பத்தடி இடம்.

எல்லாவற்றையும் உடைத்தெடுத்துப் புதிதாகச் செய்து தர ஒரு ஒப்பந்தகாரர் முப்பத்தையாயிரம் டொலருக்கு மேல் கேட்டார். எங்கள் கையில் இருந்தது எட்டாயிரம். வீட்டுக் கடனுக்கு மேல் இன்னொரு கடன் வாங்கிக் குசினி கட்டுவதில்லை என்று நானும் என் கணவரும் பேசி முடிவெடுத்தோம். அந்த எட்டாயிரத்தை எதில் போடுவது என்பதில்தான் எனக்கும் என் சிநேகிதிகளுக்கும் கருத்து வேறுபாடு. அவர்கள் எல்லோரும் முதலில் குவார்ட்ஸ் மேடை என்றார்கள். நான் முதலில் புகை என்றேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

எங்களோடு அம்மா இருக்கிறார். கறித்தூளை அவர் கடையில் வாங்க விடமாட்டார். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாச்சியில் வறுத்துத்தான் திரிப்பார். மிளகாய் வறுக்கும்போது எழும் நெடியைத் தமிழர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வீட்டுக் குசினி பின்பக்கம் தனியாக இருந்தது. புகை ஓட்டு இடுக்கால் தானே போய்விடும். பதினோராம் மாடியில் அது எங்கே போகும்?

பலர் உடனே பால்கனிக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். கொண்டோவில் காற்று எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் அப்படிச் செய்யமாட்டார்கள். பெரும்பாலான மாடிக் கட்டடங்களில் நடைபாதைக்குள் இயந்திரத்தால் காற்றைத் தள்ளுகிறார்கள். அது ஒவ்வொரு வீட்டு வாசற்கதவின் அடி இடுக்கு வழியாக உள்ளே வரும். சமையல் மணம் வீட்டை விட்டு நடைபாதைக்குப் போகாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. பால்கனிப் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாளில் அந்தக் கதவைத் திறந்தால் ஓட்டம் தலைகீழாகிவிடும். வீட்டிலுள்ள நெடி முழுவதும் வாசல் இடுக்கால் அயலவர் கதவுக்குப் போய்ச் சேரும்.

இது வெறும் சங்கடத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. ஒன்ராறியோவின் கொண்டோச் சட்டத்தில் 2022 ஜனவரி 1 முதல் சத்தத்தோடு மணம், புகை, ஆவி, ஒளி, அதிர்வு ஆகியவையும் தொல்லைகளாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நியாயமான அளவை மீறி அயலவரைத் தொந்தரவு செய்வதாக முறைப்பாடு வந்தால் அது கொண்டோத் தீர்ப்பாயம் வரை போகலாம். இதைக் கேட்டுவிட்டு மிளகாய் வறுப்பதையே நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அதில் உடன்பாடில்லை. சமையலை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? புகையை அது போகவேண்டிய வழியில் அனுப்பினால் போதும்.

அந்த வழி உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. அடுப்புக்கு மேலுள்ள சிறிய அலுமாரியைத் திறந்து பாருங்கள். தகரக் குழாய் ஒன்று விசிறியிலிருந்து புறப்பட்டு உட்கூரைப் பக்கம் போய் மறைந்தால், காற்று பெரும்பாலும் கட்டடத்துக்கு வெளியே போகிறது. குழாயே இல்லையென்றால், கரி வடிகட்டிக்குள்ளால் இழுத்து மீண்டும் உங்கள் முகத்திலேயே ஊதுகிற வகை. இந்த இரண்டாவது வகையை முதல் வகையாக மாற்ற வெளிச்சுவரில் துளை போட வேண்டும். வெளிச்சுவரோ எல்லோருக்கும் பொதுவான சொத்து. நாமாக அதில் கைவைக்க முடியாது. அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்கள் கரி வடிகட்டியையாவது ஒழுங்காக மாற்றுங்கள். பெரும்பாலும் அது கழுவிப் பாவிக்கும் பொருள் அல்ல.

எங்கள் வீட்டில் குழாய் இருந்தது. ஆனால் விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு வடிகட்டியில் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்தால் அது ஒட்டவில்லை; கீழே விழுந்தது. நிர்வாகத்துக்கு எழுதினேன். குழாயின் வெளிப்பக்க மூடி பொதுச் சொத்து என்பதால் அவர்களே ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். பல வருட எண்ணெய்ப் பிசுக்கில் அந்த மூடி திறக்க முடியாதபடி ஒட்டிக்கிடந்தது. அதை அவர்கள் விடுவித்தபின், உள்ளே குழாயைச் சுத்தம் செய்யும் தொழிலாளர் இருவரை நாங்கள் அழைத்தோம். அவர்கள் சுரண்டி எடுத்தது தேன் நிறத்தில், கெட்டியாக, ஒரு வாளியின் அடியை மூடுமளவு வந்தது. தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது. அடுப்புக்கு நேர் மேலே இத்தனை காலம் இருந்திருக்கிறது என்பதை நினைக்க எனக்கு நெஞ்சு பதைத்தது.

பிறகுதான் புது விசிறி வாங்கினோம். பழையது பின்பக்க அடுப்புகளை மட்டுமே மூடியது. அம்மா வறுப்பது எப்போதும் முன் அடுப்பில். அதனால் இருபது அங்குலம் முன்னுக்கு நீளும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நிமிடத்துக்கு 400 கன அடி காற்றை இழுக்கும். எண்ணூறு, தொள்ளாயிரம் என்று விளம்பரம் செய்பவற்றை நாடவில்லை. பழைய கட்டடத்தின் குழாய் அகலம் அதற்குப் போதாது. அதோடு, உள்ளே வர வழியில்லாத காற்றை எந்த விசிறியாலும் வெளியே தள்ள முடியாது. இப்போது வறுப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே விசிறியைப் போட்டு, பால்கனிக் கதவைச் சாத்தி வைக்கிறோம். எதிர்வீட்டு அம்மையார் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

அடுப்பை மாற்றவில்லை. எங்களுடையது பழைய சுருள் மின்னடுப்பு. கண்ணாடி மேற்பரப்பு அடுப்பு பார்க்க அழகுதான். ஆனால் அடி வளைந்த தாச்சி அதில் சரியாக உட்காராது. ஓடுகிற அடுப்பைத் தூக்கி எறிய எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அடுத்தது வெளிச்சம். குழல்விளக்குப் பெட்டியைக் கழற்றிவிட்டு மெல்லிய எல்இடி விளக்கும், மேல் அலுமாரிகளின் அடியில் எல்இடி பட்டையும் போட்டோம். வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ என்ற எண்ணைப் பாருங்கள். தொண்ணூறோ அதற்கு மேலோ இருக்கட்டும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது. மல்லி பொன்னிறத்தைத் தாண்டிக் கருகத் தொடங்கும் கணத்தைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். பழைய குழல்விளக்கின் கீழ் அம்மா தாச்சியை ஜன்னலடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்ப்பார். இப்போது அந்த வேலை இல்லை.

மின்வேலைக்கு உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைத்தான் அழைத்தோம். ஒன்ராறியோவில் காசு கொடுத்துச் செய்விக்கும் மின்வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தகாரர்தான் செய்யலாம். மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் அறிவிக்க வேண்டும். சிங்க் அருகிலுள்ள செருகிகளுக்கு, ஈரத்தில் கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பையும் அவரே போட்டுத் தந்தார். கிரைண்டர் ஓடுகிற இடம் அதுதான். ஈரக்கை படுகிற இடமும் அதுதான். புகைக்கும் மின்சாரத்துக்கும் சேர்த்து 2,900 டொலர் போயிற்று. மொத்தச் செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணுக்குத் தெரியாத செலவு என்று சிலர் சொன்னார்கள். அம்மாவின் இருமல் குறைந்ததை நான் காதால் கேட்கிறேன்.

தண்ணீர் வேலைக்கு நிர்வாகத்திடம் முன்கூட்டியே நாள் குறிக்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே வரிசையிலுள்ள எல்லா வீடுகளுக்கும் குழாயை மூடுவார்கள். அப்படி மூடுகிற நாளில் சிங்க் அடியிலுள்ள அடைப்பான்களையும் புதிதாக மாற்றிவிடுங்கள். பிறகு எப்போது கசிந்தாலும் உங்கள் வீட்டுக்குள்ளேயே மூடிக்கொள்ளலாம். எங்களுடையது செப்புக் குழாய். உங்கள் கட்டடம் 1995க்கும் 2007க்கும் இடையில் எழுந்ததென்றால், அலுமாரிக்குப் பின்னால் செம்மஞ்சளும் நீலமுமாகப் பிளாஸ்டிக் குழாய்கள் இருக்கின்றனவா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். கைடெக் என்ற வகையாக இருந்தால் குசினி அழகு பற்றிய பேச்சையே தள்ளி வையுங்கள். அதன் பித்தளை இணைப்புகள் அரித்து உடைவதால், முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

இரட்டைத் தொட்டி சிங்கை எடுத்துவிட்டு ஆழமான ஒற்றைத் தொட்டி போட்டோம். இடியப்பத் தட்டுகளும் பெரிய சோற்றுப் பானையும் இப்போது படுத்தபடி உள்ளே இறங்குகின்றன.

மேடையைப் பற்றி இனிச் சொல்லலாம். குவார்ட்ஸ் கல்லல்ல என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைக் கல்தூளைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்கிறார்கள். சூடான தாச்சியை நேரே வைத்தால் அந்தப் பிசின் நிறம் மாறும். வெள்ளைக் குவார்ட்ஸில் மஞ்சள் சிந்தி இரவு முழுவதும் கிடந்தால் கறை எளிதில் போகாது. லமினேட்டிலும் இதே ஆபத்துகள் உண்டுதான். ஆனால் விலையில் பல மடங்கு வித்தியாசம். கடையில் ஆயத்தமாக நீளக் கணக்கில் கிடைக்கும் லமினேட் மேடையை, சாம்பலும் மண்நிறமும் கலந்த வடிவத்தில் வாங்கினோம். மஞ்சள் படிந்தாலும் உறுத்தாது. வாங்குமுன் நான் கடையிலேயே ஒன்றை அளந்து பார்த்தேன்: மேடையின் முன் விளிம்பு அலுமாரியைத் தாண்டி எவ்வளவு நீள்கிறது, அதன் அடிப்பக்கம் தட்டையாக இருக்கிறதா என்று. விளிம்பில் திருகிப் பூட்டும் தேங்காய்த் துருவி எங்களிடம் இருக்கிறது. விளிம்பு குறுகினால் அதன் வாய் பிடிக்காது. லாச்சிக்கு மேலே பூட்டினால் லாச்சி திறக்காது. ஆகவே சிங்குக்கு இடப்பக்கம், கதவு மட்டுமுள்ள அலுமாரிக்கு மேல், துருவிக்கென்றே ஒன்றரை அடி இடம் விட்டோம். விற்பனையாளர் இப்படியொரு கேள்வியை முன்பு கேட்டதில்லை என்றார். எங்கள் குசினியில் அது முதற்கேள்வி.

அலுமாரிப் பெட்டிகள் உறுதியாக இருந்தன, அவற்றைத் தொடவில்லை. கதவுகளுக்கு நானும் இவரும் எனாமல் பெயின்ட் அடித்தோம். மெலமைனில் பெயின்ட் நிற்காது என்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளிகூட இல்லாமல் கழுவி, சாண்ட்பேப்பரால் மினுக்கம் போகத் தேய்த்து, ஷெல்லாக் என்ற அரக்குப் பிசின் கலந்த பிரைமரை அடிப்பூச்சாக அடித்தால் நிற்கும். எங்களுக்கு ஷெல்லாக் வேண்டியிருந்ததற்கு இன்னொரு காரணம் அந்த ஓக் சட்டம். ஓக் மரத்திலுள்ள துவர்ப்புச் சாறு தண்ணீர்ப் பிரைமருக்குள்ளால் மஞ்சளாக ஊறி மேலே வரும். ஷெல்லாக் அதை மறித்துவிடும். மதுசாரம் கலந்தது என்பதால் நெடி கடுமை, தீயும் பற்றும். அந்த நாட்களில் அடுப்பு எரிக்காமல், மார்க்கம் நகரிலிருக்கும் அக்கா வீட்டுச் சாப்பாட்டோடு சமாளித்தோம். சட்டத்தையும் கதவையும் ஒரே கடும்பச்சை நிறத்தில் அடித்ததால் சட்டமே கைப்பிடியாகிவிட்டது. புதுக் கைப்பிடிக்கும் துளைக்கும் செலவில்லை. தொட்டால் காய்ந்தது போலத் தெரிந்தாலும், இந்த வகை எனாமல் முழுதாக இறுக ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். அதுவரை ஈரத்துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள்.

சுவர் ஓடுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவான வெள்ளை ஓடு, இடையில் சாம்பல் நிறப் பூச்சு. வெள்ளைப் பூச்சு எங்கள் தாளிப்புக்கு ஒரு மாதம் தாங்காது.

கடைசியாக, கீழ் அலுமாரி ஒன்றின் தட்டுகளைக் கழற்றிவிட்டு, 100 இறாத்தல் தாங்கும் சறுக்குக் கம்பிகளில் ஆழமான லாச்சி ஒன்று செய்வித்தோம். 40 இறாத்தல் அரிசிப் பை அப்படியே அதில் நிற்கிறது. அம்மா குனியாமல் இழுத்து அளந்து எடுக்கிறார்.

மிச்சமிருப்பது தரையும் 1,550 டொலரும். பழைய வினைல் விரிப்பின் மேல் புதியதைப் போடலாமா, அதை எடுக்க வேண்டுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. எடுப்பதென்றால் முதலில் ஒரு துண்டைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி அஸ்பெஸ்டஸ் இல்லையென்று உறுதிப்படுத்துவேன். எங்கள் கட்டடத்தில் தரைக்கு அடியில் ஒலியைத் தடுக்கும் விரிப்பு கட்டாயம். அதன் தரச்சான்றை அனுமதி விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். அம்மாவின் முழங்காலுக்குத் தக்கை விரிப்பு நல்லது என்று இவர் சொல்கிறார். விலையைக் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் விண்ணப்பத்தை நிர்வாகத்திடம் கொடுத்துவிடுவேன்.