7 செ.மீ. ஆர வட்டம்: எண்ணியும் வெட்டியும் அளந்த பரப்பளவு

πr² சூத்திரம் பலருக்கும் மனப்பாடம். அதைத் தாளில் அளந்து சரிபார்க்க இறங்கும்போதுதான் பிழை எந்த வழியாக நுழைகிறது என்பது பிடிபடும். முதல் இரண்டு சோதனைகளுக்கும் ஆரம் 7 செ.மீ.; சூத்திரப்படி பரப்பளவு 153.94 சதுர செ.மீ.

முதலில் கட்டம் எண்ணுதல். 1 செ.மீ. கட்டத்தாளில் கோடுகள் வெட்டும் புள்ளியில் கவராயத்தை ஊன்றி வட்டம் போட்டால், முழுதாக உள்ளே விழும் கட்டங்கள் 120. வட்டக்கோடு கடந்துபோகும் கட்டங்கள் 52. இந்த 52-ஐப் பாதியாக்கிச் சேர்த்தால் 146. ஏறக்குறைய 5 சதவீதம் குறைவு. மையத்துக்கு நேர் மேலும் கீழும் இரு பக்கங்களிலும் வட்டம் கட்டக்கோட்டை ஒட்டியே போகிறது. அங்குள்ள கட்டங்கள் கிட்டத்தட்ட நிறைந்தவை, அவற்றைப் பாதி என்று கொள்ளக் கூடாது. பாதிக்கு மேல் நிறைந்ததை 1 என்றும் மற்றதை 0 என்றும் எடுத்தால் 36 கட்டங்கள் சேரும், மொத்தம் 156. இது பரவாயில்லை. கால் வட்டத்தை மட்டும் எண்ணி 4-ஆல் பெருக்கலாம், ஆனால் ஒரு கட்டம் தவறினால் விடையில் 4 தவறும். மையத்திலிருந்து வலப்புறம் 3-வதும் மேலே 7-வதுமான கட்டத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும்: அது 53 சதவீதம்தான் நிறைந்திருக்கும். பென்சில் முனை மழுங்கியிருந்தாலே முடிவு மாறிவிடும்.

அடுத்தது வெட்டி அடுக்குதல். வட்டத்தை 16 சம வட்டக்கோணப்பகுதிகளாக வெட்டி, ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். தாளை மடித்தே 16 பாகம் செய்யலாம் என்றாலும் நான்காவது மடிப்பில் தாளின் தடிமன் கோட்டைத் தள்ளிவிடும். மூன்று மடிப்போடு நிறுத்தி, 45° கோணங்களைக் கவராயத்தால் இருசமமாக்குவது நல்லது. ஒட்டியபின் கிடைப்பது ஏறத்தாழ ஓர் இணைகரம். அதன் அடிப்பக்கம் பரிதியில் பாதி, உயரம் ஆரம்; 22 × 7 = 154 என்று பாடத்தில் வரும். அளவுகோலை வைத்து அளந்தால் அப்படி வருவதில்லை! விளிம்பில் உள்ள வளைவுகளை விட்டு நேராக அளக்கும்போது அடிப்பக்கம் 21.85, உயரம் 6.87, பரப்பளவு சுமார் 150. மீதி 4 சதுர செ.மீ. அந்த 16 சிறு வளைவுகளுக்குள் இருக்கிறது. 8 துண்டுகள் என்றால் 138.6தான் வரும், 32 என்றால் 152.95. π-இன் மதிப்பைக் காண ஆர்க்கிமிடீஸ் வட்டத்துக்குப் பதில் பலகோணங்களை எடுத்து 96 பக்கங்கள் வரை போனதன் அவசியம் இதைச் செய்து பார்த்தால் நன்றாக விளங்கும். 22/7 என்பது π-க்கு அவர் கண்ட மேல் எல்லை; உண்மை மதிப்பைவிட 0.04 சதவீதம் அதிகம். 3.14 என்பதோ 0.05 சதவீதம் குறைவு. கையால் அளக்கும் வேலைக்கு இரண்டுமே போதும்.

ஆரத்தை 1 மி.மீ. கூட்டி 7.1 என்று அளந்துவிட்டால் விடை 158.4 ஆகிவிடும். நீளத்தில் வரும் சதவீதப் பிழை பரப்பளவில் இரட்டிப்பாகிறது. எனவே ஆரத்தை அளக்காமல் விட்டத்தை அளந்து பாதியாக்குங்கள். அதே 1 மி.மீ. பிழை ஆரத்தில் அரை மி.மீ. ஆகிவிடும். மையம் தெரியாத வட்டத் தட்டுக்குப் பரிதியை அளந்து, அதன் வர்க்கத்தை 4π-ஆல் வகுக்கலாம். நூல் இழுபடும், காகிதப் பட்டை இழுபடாது.

வட்ட வளையத்துக்கு மையமே வேண்டாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். உள்வட்டத்தைத் தொட்டபடி அளவுகோலை வைத்து, வெளிவட்டத்தில் விழும் நாணை அளந்தால் போதும். நாண் 8 செ.மீ. என்றால் பரப்பளவு 4 செ.மீ. ஆர வட்டத்தினுடையதே, அதாவது 50.27. வெளி ஆரம் 5, உள் ஆரம் 3 எனக் கொண்டு பித்தாகரஸ் தேற்றத்தால் சரிபார்க்கலாம். (5 − 3)² என்று கழித்தபின் வர்க்கமாக்கினால் 12.57 என்று கால்பங்குதான் வரும். பலர் சறுக்கும் இடம் இது.

10 செ.மீ. சதுரத்தின் எதிரெதிர் மூலைகளிலிருந்து 10 செ.மீ. ஆரத்தில் இரண்டு கால்வட்டங்கள் போட்டால் நடுவில் ஓர் இலை உருவாகும். இரண்டு கால்வட்டங்களைக் கூட்டிச் சதுரத்தைக் கழித்தால் 157.08 − 100 = 57.08. அதே சதுரத்தின் நான்கு பக்கங்களையும் விட்டமாக வைத்து உட்புறம் அரைவட்டங்கள் போட்டால் நான்கு இதழ்ப் பூ வரும். அதன் மொத்தப் பரப்பளவும் 57.08தான். ஒவ்வோர் இதழும் நீள அகலத்தில் அந்த இலையின் பாதி, ஆகவே பரப்பில் கால்பங்கு.

வட்டத்துண்டுக்கு (நாணுக்கும் வில்லுக்கும் இடைப்பட்ட பகுதி) r²(θ − sin θ)/2 பயன்படுத்தும்போது, மையக் கோணமான θ ரேடியனில் (180° = π ரேடியன்) இருக்க வேண்டும். ஆரம் 10, கோணம் 90° என்றால் விடை 28.54. பாகையை அப்படியே போட்டால் 4450 என்று வரும். கோணம் 180°-ஐத் தாண்டினால் sin θ குறை எண்ணாகி, மையமும் நாணும் சேர்ந்த முக்கோணம் தானாகவே கூடிவிடும். தனியாக எதையும் கூட்ட வேண்டியதில்லை.