ஆறடிப் பலகையும் பாமினி எழுத்தும்

போன வருடம் எங்கள் நூலகர் மாநாட்டுக்குப் பதிவுப் படிவம் தயாரித்தபோது, கடைசியில் ஒரு கேள்வியைச் சேர்த்தேன்: 'நீங்கள் சிரமமில்லாமல் கலந்துகொள்ள நாங்கள் என்ன செய்ய வேண்டும்?' டிக் அடிக்கும் கட்டம் எதுவும் இல்லை, எழுத இடம் மட்டும். "சைவமா அசைவமான்னுதான் எழுதுவாங்க" என்றார் குழுவில் ஒருவர். முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் எழுதினார்கள். 180 பேரில் ஒன்பது பேர் வேறு மாதிரி எழுதியிருந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 சொல்லும் வகைகள் 21. அதுவரை என் மனதில் இருந்தது சக்கர நாற்காலி ஒன்றுதான்.

அதிலும் கோட்டை விட இருந்தேன். மண்டபத்து மேடை இரண்டரை அடி உயரம். பந்தல்காரர் ஆறடிப் பலகை ஒன்றைக் காட்டி, "இதைச் சாய்ச்சுப் போட்டுடலாம் மேடம்" என்றார். ஓர் அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது சாய்தளத்துக்கான கணக்கு. அப்படியானால் முப்பது அடி! முன்வரிசை நாற்காலிகள் மொத்தமும் போய்விடும். கொஞ்ச நேரம் டேப்பை இழுத்து இழுத்துப் பார்த்தவர், "எதுக்கு மேடையில ஏறணும்? கீழயே அரையடிக்குப் பலகை போட்டுத் தர்றேன், அதுல நின்னு பேசட்டும்" என்றார். அரையடிக்கு ஆறடி. அவர் கொண்டுவந்த பலகையே போதுமானதாகிவிட்டது. பெரிய மேடையில் பேனரை மட்டும் கட்டினோம்.

மாற்றுத்திறனாளிகள் கழிப்பறை இருக்கிறது என்று மண்டபத்தில் சொல்லியிருந்தார்கள். இருந்தது, பூட்டியபடி. திறந்தால் உள்ளே துடைப்பக்கட்டையும் உடைந்த நாற்காலிகளும். அதைக் காலி செய்ய வைக்க மூன்று முறை நேரில் போனேன்.

அதிக நாள் பிடித்தது ஸ்லைடு விவகாரம்தான். பார்வையற்ற நூலகர் ஒருவர், ஸ்லைடுகளை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி எழுதியிருந்தார். பேச்சாளர்களிடம் கெஞ்சி வாங்கி அனுப்பினேன். (ஒரு மூத்தவர், முன்னாலேயே கொடுத்தால் யாராவது சுட்டுவிடுவார்கள் என்று பயந்தார்.) மறுநாள் பார்வையற்ற அந்த நூலகரிடமிருந்து போன். "மேடம், உங்க பேச்சாளர் அம்மான்னு எழுதியிருக்காரு போல. என் கம்ப்யூட்டர் எம், கே, அரைப்புள்ளி, கே, எச்னு படிக்குது."

பாமினி எழுத்துரு! கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். அவர் பயன்படுத்தும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்) உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதிவு செய்யும் யூனிகோடு முறை தமிழக அரசின் தரமாகி வருடக்கணக்காகிவிட்டது. எங்கள் ஆட்கள் மட்டும் இன்னும் பாமினியிலேயே குடியிருக்கிறார்கள். பதினான்கில் ஐந்து கோப்புகள் அப்படி. யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருளில் போட்டால் தமிழ் சரியாகிறது, நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்கள் எல்லாம் புரியாத தமிழாகிவிடுகின்றன. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்த நான்கு இரவுகள் ஆயின. இன்னொரு கோப்பு முழுக்க ஓலைச்சுவடிப் படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுதித் தரச் சொன்னேன். "படத்தைப் பார்த்தாலே தெரியுமே" என்று எழுதி அனுப்பினார் அந்தப் பேச்சாளர். என்னத்தைச் சொல்ல!

காது கேளாத இருவருக்காகச் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்டேன். இரண்டு பேர் இல்லாமல் வர முடியாது என்றார்கள். பணம் பறிக்கிறார்கள் என்று குழுவில் முணுமுணுப்பு. இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவரே செய்தால் கையும் மூளையும் சோர்ந்துவிடும், ஆள் மாற வேண்டும் என்பது அன்று அவர்களைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. எங்கள் துறைச் சொற்களின் பட்டியலையும் ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அவ்வளவும் செய்துவிட்டு, முதல் அமர்வில் ஸ்லைடு தெளிவாகத் தெரியட்டும் என்று விளக்குகளை அணைத்தோம். மொழிபெயர்ப்பாளரும் இருட்டில் மறைந்துபோனார். மூன்றாவது வரிசையில் இருந்தவர் எழுந்து நின்று கையை ஆட்டிய பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. ஓரத்து டியூப்லைட் ஒன்றைப் போட்டதும் சரியாகிவிட்டது.

மைக் சண்டை இரண்டு நாளும் ஓயவில்லை. "எனக்கு மைக் வேண்டாம், குரல் கேட்கும்ல?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். கேட்காதவர் அதற்கு எப்படிப் பதில் சொல்வார்? கடைசியில், மைக் கைக்கு வராமல் யாருடைய கேள்வியையும் எடுக்க வேண்டாம் என்று தலைமை தாங்கியவரிடம் சொல்லி வைத்தேன். சாப்பாட்டுக்கு பஃபேயை விட்டுவிட்டுப் பந்தி போட்டோம். கையில் ஊன்றுகோலோ குழந்தையோ இருப்பவர் தட்டையும் ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்க முடியாது. இதற்கு மட்டும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் மாலை குழுப் படம். போட்டோகிராபர் வழக்கம்போல எல்லோரையும் வாசல் படிக்கட்டில் ஏற்றி அடுக்கினார். நானும் நடுவில் போய் நின்று சிரித்தேன். சக்கர நாற்காலியில் வந்த நண்பர் கீழே, போட்டோகிராபருக்குப் பின்னால், எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஷ் அடித்த பிறகுதான் கவனித்தேன். எல்லோரையும் இறக்கித் தரையில் நிறுத்தி இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். அதற்குள் அவருக்கு வண்டி வந்துவிட்டது.