கேட்டு எழுதும் வேலை: பார்டோக்கிடம் கற்றது

ஒலி ஆவணக் காப்பகம் ஒன்றில் 19 ஆண்டுகளாக நான் செய்துவருவது கேட்டு எழுதும் வேலை. யாரோ எப்போதோ களத்தில் பதிவு செய்து கொண்டுவந்த நாடாக்களைக் கணினிக்கு மாற்றுவதும், அவற்றில் உள்ள பாட்டுகளின் சொல்லையும் சுரத்தையும் தாளத்தையும் தாளில் இறக்கி, பாடியவர், இடம், நாள் ஆகிய விவரங்களோடு அட்டை எழுதி வைப்பதும் என் பொறுப்பு. மூன்று நிமிடப் பாட்டு ஒன்றை எழுதி முடிக்க இரண்டு நாள் ஆவதுண்டு. ஐயம் வந்த ஒரே அடியை நாற்பது முறை திரும்பத் திரும்பக் கேட்ட நாள்களும் உண்டு. இதை இசையோடு சற்றே தொடர்புடைய எழுத்தர் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முதல் சில ஆண்டுகள் நானும் அப்படியே நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக்.

வேலையில் சேர்ந்தபோது பார்டோக்கை நான்கு நரம்புக் கருவிகள் சேர்ந்து வாசிக்கும் ‘நால்வர் இசை’ ஆறையும் கடினமான பியானோப் படைப்புகளையும் எழுதிய நவீன மேதையாக மட்டுமே அறிந்திருந்தேன். அவர் நாட்டுப்பாடல் சேகரித்தார் என்பதும் தெரியும். ஆனால் அதை, பெரிய கலைஞர்கள் ஓய்வு நேரத்தில் ஈடுபடும் விருப்பங்களில் ஒன்றாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான், அவருடைய வாழ்நாளின் மிகப் பெரிய பங்கு நான் உட்கார்ந்திருப்பதைப் போன்ற ஒரு மேசையில், நான் செய்யும் அதே வேலையில் கழிந்தது என்று தெரிந்துகொண்டேன்.

அவர் 1881-இல் நாட்யசென்ட்மிக்லோஷ் என்ற ஊரில் பிறந்தார். அன்று ஹங்கேரியில் இருந்த அந்த ஊர் இன்று ருமேனியாவில் இருக்கிறது. ஏழு வயதில் தந்தையை இழந்த அவருக்குத் தாயே முதல் பியானோ ஆசிரியர். புடாபெஸ்ட் இசைக் கழகத்தில் படித்து, மேடைப் பியானோ கலைஞராகப் பெயர் எடுக்கத் தொடங்கியிருந்த 1904 கோடையில், டிரான்சில்வேனியாவிலிருந்து பணிப்பெண்ணாக வந்திருந்த லிடி டோஷா பாடிய பாட்டு அவர் காதில் விழுந்தது. சேற்றில் விழுந்த சிவப்பு ஆப்பிளைப் பற்றிய எளிய பாட்டு அது. நகரத்து விடுதிகளில் ஹங்கேரிய இசை என்று வாசிக்கப்பட்டதற்கும் அந்தப் பெண்ணின் குரலில் இருந்ததற்கும் உறவே இல்லை என்பதை அவர் உடனே உணர்ந்தார். மறு ஆண்டு சக இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாயைச் சந்தித்தார். 1906-இல் இருவரும் சேர்ந்து 20 பாட்டுகளைப் பியானோத் துணையிசையோடு வெளியிட்டார்கள். அதன் பிறகு மூட்டையும் ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவியுமாக ஊர் ஊராகச் செல்வது பார்டோக்கின் வாழ்க்கையாகிவிட்டது.

அந்தக் கருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் என் தொழிலின் மூதாதை அது. மெழுகு உருளையில் சில நிமிடப் பாட்டுதான் அடங்கும். பாடுபவர் கூம்பின் வாய்க்கு நெருக்கமாக நின்று பாட வேண்டும். தலையைத் திருப்பினால் குரல் தேய்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, உருளையை ஒவ்வொரு முறை ஓடவிடும்போதும் ஊசி மெழுகைத் தேய்க்கிறது. கேட்பதற்கே பாட்டின் ஒரு துளியை விலையாகக் கொடுத்தாக வேண்டும். ஆகவே பார்டோக் களத்திலேயே காதால் கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பிறகு உருளையோடு ஒப்பிட்டுத் திருத்தினார். என் கணினியில் ஒரு அடியை ஆயிரம் முறை ஓட்டினாலும் ஒன்றும் தேயாது. அந்த வசதி என் கவனத்தை எவ்வளவு தளர்த்தியிருக்கிறது என்று அவருடைய எழுத்துப்படிகளைப் பார்க்கும்போதெல்லாம் எண்ணிக்கொள்கிறேன்.

சேகரிப்பின் சிரமம் கருவியோடு முடிவதில்லை. 1907-இல் எழுதிய ஒரு கடிதத்தில், பழைய பாட்டு கேட்டுப்போன தனக்கும் ஒரு கிராமத்துப் பெண்மணிக்கும் இடையே நடந்த உரையாடலை நாடகம் போலவே எழுதிக்காட்டுகிறார் பார்டோக். அந்த அம்மாள் தேவாலயப் பாட்டைச் சொல்கிறார். அண்மையில் வந்த பாட்டைச் சொல்கிறார். இவர் தேடி வந்த பழம்பாட்டு மட்டும் வெளியே வருவதில்லை. எங்கள் களப்பதிவு நாடாக்களிலும் இந்தப் பேச்சு அப்படியே கிடைக்கிறது. “அதெல்லாம் இப்ப யாருங்க பாடுறா” என்று சொல்லிச் சிரித்து, பிறகு வேறு ஏதோ வேலையைப் பார்த்தபடி தன்னை மறந்து பாடத் தொடங்கும் குரல்களை நான் பல முறை எழுதியிருக்கிறேன். அந்தத் தயக்கத்தையும் அட்டையில் குறிக்கும் வழக்கத்தை அவர் கடிதத்தைப் படித்த பிறகே ஏற்படுத்திக்கொண்டேன்.

அவர் ஹங்கேரியப் பாட்டோடு நிற்கவில்லை. ஸ்லோவாக், ருமேனிய ஊர்களுக்குச் சென்றார். ருமேனிய மெட்டுகள் மட்டுமே 3,000-க்கும் மேல் அவரிடம் சேர்ந்தன. 1913-இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா பகுதியில் அரபு இசையையும், 1936-இல் துருக்கிய இசையமைப்பாளர் அஹ்மத் அட்னான் சாய்குனின் துணையோடு துருக்கியின் அனடோலியாவில் நாடோடிப் பாட்டுகளையும் பதிவு செய்தார். முதல் உலகப் போருக்குப் பிந்தைய எல்லைப் பிரிவினையில் அவர் நடந்து சேகரித்த நிலத்தின் பெரும்பகுதி அயல் நாடாகிப்போனது. ருமேனிய இசையைப் பற்றி அக்கறையோடு எழுதியதற்காக 1920-இல் சொந்த நாட்டிலேயே கண்டனத்துக்கு ஆளானார். ஆனாலும் மெட்டுகள் எல்லை தாண்டி ஒன்றையொன்று வளர்ப்பதைத் தன் அட்டைகளிலேயே கண்டவர் அவர். மக்களினங்களின் சகோதரத்துவமே தன் படைப்புக்கு வழிகாட்டும் எண்ணம் என்று 1931-இல் எழுதியபோது, அதற்கான சான்று ஆயிரக்கணக்கான தாள்களாக அவருடைய மேசைமேல் இருந்தது.

இந்த மேசைக்கும் அவருடைய படைப்புகளுக்கும் இடையே சுவர் எதுவும் இல்லை. 1915-இல் எழுதிய ‘ருமேனிய நாட்டுப்புற நடனங்கள்’ அவர் சேகரித்த மெட்டுகளை ஏறக்குறைய அப்படியே ஏந்திக்கொள்கிறது. 1908-இன் ‘டிரான்சில்வேனியாவில் ஒரு மாலை’ என்ற சிறு பியானோப் பாடத்தில் வருவதோ நாட்டுப்பாடல் அல்ல. அந்த மண்ணின் நடையில் அவரே கட்டிய மெட்டு. நால்வர் இசைகளுக்கு வரும்போது மெட்டு முழுவதும் கரைந்துபோய், அதன் மூச்சும் அழுத்தமும் மட்டும் எஞ்சுகின்றன. 1911-இல் எழுதி 1918-இல்தான் அரங்கேறிய ‘நீலத்தாடியின் கோட்டை’ என்ற ஓபராவில், பாத்திரங்கள் பாடுவது பழம்பாட்டுகளின் பேச்சோட்டத்தில் அமைந்திருக்கிறது. பேசுவதைப் போல நீண்டும் குறுகியும் செல்லும் பாட்டு ஒரு வகை, ஆட்டத்துக்கு ஏற்ற கட்டான தாளத்தில் செல்லும் பாட்டு இன்னொரு வகை என்று அவர் பிரித்து வைத்தது வகைப்பாட்டுக்காக மட்டுமல்ல. அவை இரண்டும் அவருடைய இசையின் இரு கால்கள் என்றே நான் கருதுகிறேன்.

1934-இல் அவருக்கு இசைக் கழகத்தில் கற்பிக்கும் பொறுப்பிலிருந்து விடுதலை கிடைத்தது. 27 ஆண்டுகள் பியானோ கற்பித்தவர், இப்போது ஹங்கேரிய அறிவியல் கழகத்தில் உட்கார்ந்து நாட்டுப்பாடல் தொகுப்பை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். 1940 வரை சுமார் 13,000 பாட்டுகள் அவர் கையால் வகை பிரிக்கப்பட்டன. அங்கே அவர் செய்த இன்னொரு செயல்தான் என்னை அசைத்தது. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு தாமே எழுதியவற்றை உருளைகளோடு மீண்டும் ஒப்பிட்டு, ஒவ்வொன்றாகத் திருத்தினார். உருளையின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் குரல் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். அப்போது முன்பு ஒரே சுரமாகக் கேட்ட இடத்தில் மூன்று நான்கு அசைவுகள் தெளியும். அவற்றையெல்லாம் பொடிப்பொடியான குறிகளாகப் பிரதான சுரங்களுக்கு இடையே எழுதினார். கமகத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்தப் பொடிக் குறிகளைத் தவிர்த்தால் எவ்வளவு இழப்பு என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆண்டுகளில்தான் பல்கேரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட தொகுப்புகள் வழியே அவருக்கு ஒரு புதிய தாள முறை அறிமுகமானது. நிமிடத்துக்கு 300 முதல் 400 வரை செல்லும் மிகச் சிறிய அலகுகள் இரண்டும் மூன்றுமாகக் கூடி, சமமற்ற அடிகளை உண்டாக்கும் முறை அது. 2+2+3 என்று செல்லும் ருச்செனிட்சா நடனத்தை நம் வாய்க்கணக்கில் ‘தகதிமி தகிட’ என்று சொல்லிவிடலாம். அந்த அறிவோடு தம் பழைய ருமேனியப் பதிவுகளைக் கேட்டபோது, தாம் வழக்கமான தாளங்களில் எழுதி வைத்திருந்த சில பாட்டுகள் உண்மையில் இந்தத் தாளத்தில் இருந்ததை அவர் கண்டார். 1938-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் அதை மறைக்காமல் சொன்னார். உலகம் போற்றிய காது அது. அதுவே, தான் அறியாததைக் கேட்கத் தவறியிருக்கிறது. ‘மைக்ரோகாஸ்மாஸ்’ என்ற 153 பியானோப் பாடங்களின் தொகுப்பு பல்கேரியத் தாளத்தில் அமைந்த ஆறு நடனங்களோடு முடிவதை அதன் பிறகு நான் வேறு விதமாகக் கேட்கிறேன்.

அந்தச் செய்தியைப் படித்த வாரத்தில் எனக்கு ஒரு பழைய அட்டை நினைவுக்கு வந்தது. வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நான் எழுதிய தாலாட்டு அது. பாடியவர் ஒரு மூதாட்டி. பின்னணியில் தொட்டில் கயிறு கிறீச்சிடும் ஒலி விடாமல் கேட்கும். மெட்டைத் திசிர நடையில், மூன்று சம அடிகளாக எழுதி, குறிப்புப் பத்தியில் ‘மூன்றாம் அடி இழுபடுகிறது, தாளக்கட்டு இல்லை’ என்று சேர்த்திருந்தேன். நாடாவை மீண்டும் எடுத்து, பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு அடியின் நீளத்தையும் திரையில் அளந்தேன். இரண்டு, இரண்டு, மூன்று. அடுத்த வரியிலும் இரண்டு, இரண்டு, மூன்று. தொட்டில் ஒரு பக்கம் எட்டித் திரும்பும் கணத்தில் கயிறு கிறீச்சிடுகிறது. மூன்றாம் அடி ஒவ்வொரு முறையும் அந்த ஒலியின் மேலேயே வந்து விழுகிறது. 22 வரிகளில் ஒரே ஒரு வரி மட்டும் கணக்கில் நிற்கவில்லை. அங்கே குழந்தை சிணுங்குகிறது, அந்த அம்மாள் பாட்டை நிறுத்திக் காத்திருந்துவிட்டு, கயிற்றின் அடுத்த ஒலியில் மிகச் சரியாக மீண்டும் தொடங்குகிறார்.

பார்டோக்கின் பிழைக்கும் என் பிழைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவருக்கு அந்தத் தாளம் அறிமுகமாகியிருக்கவில்லை. எனக்கோ ஏழு எண்ணிக்கையில் செல்லும் மிசிர நடை சிறு வயது முதல் பழக்கம். ஆனால் அது பயின்று பாடுபவர்களுக்கு உரியது, தொட்டிலருகே உட்கார்ந்து பாடும் ஒருவரிடம் இருக்காது என்ற எண்ணம் எனக்குள் இருந்திருக்கிறது. அதனால்தான் ஏழாக வந்ததை நான் ஆறாகக் கேட்டு, மிஞ்சிய ஒன்றை அவர் கணக்கில் குறையாக எழுதினேன். இதை எண்ணும்போது இன்றும் மனம் சங்கடப்படுகிறது. அந்த ஆண்டுகளில் நான் எழுதிய மற்ற அட்டைகளையும் இப்போது ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்; வேலை நேரம் போதாததால் மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கிறேன்.

பார்டோக்கின் தாய் 1939 டிசம்பரில் மறைந்தார். பாசிசத்தை வெறுத்த பார்டோக் மறு ஆண்டு அக்டோபரில் நாட்டை விட்டு நியூயார்க் சென்றார். அங்கே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கிடைத்ததும் கேட்டு எழுதும் வேலைதான்: அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி 1930-களில் யூகோஸ்லாவியாவில் பதிவு செய்திருந்த செர்போ-குரோஷியப் பாட்டுகளை எழுதுவது. 1939-க்கும் 1943-க்கும் இடையே அவர் புதிதாக எதையும் பெரிதாக எழுதவில்லை என்பதைக் காட்டி, இத்தகைய மேதை குமாஸ்தா வேலையில் வீணாக்கப்பட்டதாகச் சிலர் வருந்துவார்கள். வறுமையும் நோயும் அவரை வாட்டியது உண்மை. அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வேலையை வீண் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் எழுதிய 75 பெண்கள் பாட்டுகளின் பக்கங்களைப் பார்ப்பவர்கள், ஒரு கலைஞர் தம் முழு ஆற்றலையும் அங்கே செலவிட்டிருப்பதைக் காண்பார்கள். இரத்தப் புற்றுநோயோடு 1943-இல் சாரனாக் ஏரியோரம் தங்கியிருந்தபோது, ஆகஸ்ட் 15-க்கும் அக்டோபர் 8-க்கும் இடைப்பட்ட நாள்களில் ‘இசைக்குழுவுக்கான கான்செர்டோ’வை எழுதி முடித்தார். அவ்வளவு பெரிய படைப்பு அவ்வளவு விரைவில் வந்ததற்கு, கேட்பதை இடைவிடாமல் செய்துவந்த காதே காரணம் என்று நான் நம்புகிறேன். 1945 செப்டம்பர் 26 அன்று அவர் மறைந்தபோது மூன்றாம் பியானோ கான்செர்டோவில் கடைசி 17 தாளக் கட்டங்களை எந்தெந்த வாத்தியம் வாசிக்க வேண்டும் என்ற அமைப்பு மட்டும் எஞ்சியிருந்தது. அதை நண்பர் டிபோர் ஷெர்லி முடித்துவைத்தார்.

அந்த செர்போ-குரோஷியத் தொகுப்பின் முன்னுரையில், உண்மையான சுரக்குறிப்பு என்பது இசைத்தட்டில் பதிந்துள்ள ஒலித்தடம் மட்டுமே என்று பார்டோக் எழுதியிருக்கிறார். நாற்பதாண்டு காலம் எழுதியவர் அப்படிச் சொன்னதைப் படித்த நாளிலிருந்து, ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் நாடா எண்ணையும் நிமிடக் கணக்கையும் குறித்து, ‘ஒலியைக் கேட்டபின் படிக்கவும்’ என்று எழுதுகிறேன். தாலாட்டின் புதிய தாளிலும் அது இருக்கிறது. பழைய தாளை எடுத்தெறிய எங்கள் காப்பக விதி இடம் கொடுப்பதில்லை. ஆகையால் அது பின்னாலேயே கோக்கப்பட்டிருக்கிறது, குறிப்புப் பத்தியில் நான் எழுதிய அந்த வரி மட்டும் படிக்க முடிகிற அளவுக்கு ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் திருத்திய தேதியோடு.