செய்து பார்த்துக் கைவிட்டவர்கள்

விவசாயிக்குத் தகவல் போய்ச் சேரவில்லை, அதனால்தான் புதிய முறைகள் பரவவில்லை என்று வேளாண் விரிவாக்கக் கூட்டங்களில் இன்னமும் பேசுகிறார்கள். புதிய முறைகளை விவசாயிகளிடம் கொண்டுபோகிற இந்த வேலையில் இத்தனை காலம் இருந்த பிறகு எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. நான் போகிற வயல்களில் பெரும்பாலானவர்களுக்கு விஷயம் தெரிந்தே இருக்கிறது. புது ரகம் வந்திருப்பது தெரியும், வரிசை நடவு தெரியும், மண் பரிசோதனை தெரியும். பல சமயம் எனக்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் பார்த்துவிடுகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்காதது வேறு. தன் நிலத்தில், தன்னிடம் இருக்கிற ஆள், தண்ணீர், கைக்காசை வைத்துக்கொண்டு இதைச் செய்தால் என்ன ஆகும்? தவறிப்போனால் எவ்வளவு போகும்? இதற்கான பதில் நான் கொண்டுபோகிற துண்டுப்பிரசுரத்தில் இருப்பதில்லை.

இது பழைய சங்கதிதான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவிய விதத்தை ஆராய்ந்து பிரைஸ் ரயான், நீல் கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1943இல் எழுதினார்கள். அவர்கள் கணக்கில் எடுத்த 259 விவசாயிகளில் இருவரைத் தவிர எல்லோரும் 1941க்குள் புது விதைக்கு மாறியிருந்தார்கள். ஆனால் அதற்கு 1928இலிருந்து 13 ஆண்டுகள் பிடித்தன. விதையைப் பற்றி முதலில் காதில் போட்டவர்கள் பெரும்பாலும் விற்பனையாளர்கள். விதைக்கத் துணிவு தந்தவர்கள் அக்கம்பக்கத்து விவசாயிகள். மாறியவர்களும் எடுத்த எடுப்பில் முழு நிலத்தையும் மாற்றிவிடவில்லை. கொஞ்சம் இடத்தில் போட்டுப் பார்த்து, அப்புறம் கூட்டிக்கொண்டே போனார்கள்.

கடைசியில் மாறியவர்களைப் பழமைவாதிகள் என்று சொல்லிவிடுவது சுலபம். அதே மக்காச்சோளத்தைப் பற்றி 1957இல் எழுதிய பொருளியலாளர் ஸ்வி கிரிலிகெஸ் வேறொன்றைக் காட்டினார். அலபாமா போன்ற மாநிலங்களில் அது தாமதமாகப் பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம், அந்த மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ற ஒட்டு ரகங்களே அங்கே தாமதமாகத்தான் வந்தன. எங்கே லாபம் அதிகமோ அங்கே வேகமாகப் பரவியது. ஒருவர் ஒன்றை ஏற்க மறுக்கும்போது என் நினைவுக்கு முதலில் வருவது இந்த ஆய்வுதான்.

புதிய முறையில் பயிரிட்டுக் காட்டுகிற செயல்விளக்கத் திடலில் வயல்விழா நடக்கும்போது வந்தவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று கவனித்தால் நிறையப் புரியும். தகவல் பலகைக்கு முன்னால் அதிக நேரம் நிற்பவர்கள் எங்களைப் போன்ற அலுவலர்கள்தான். விவசாயிகள் வரப்பில் இறங்கிவிடுவார்கள். ஒருவர் ஒரு குத்தைக் கையால் விரித்துத் தூர்களை எண்ணுவார். இன்னொருவர் வரப்போரத்தை விட்டு நடுவயலுக்குப் போய் அங்கேயும் பயிர் அப்படித்தான் இருக்கிறதா என்று பார்ப்பார். கேள்விகளையும் என்னிடம் கேட்பதில்லை. அந்த வயல்காரரைத் தனியே ஓரம்கட்டி, “நடவுக்கு எத்தனை ஆள் ஆச்சு அண்ணே? உரம் ஆபீஸ்ல குடுத்தாங்களா, நீங்க வாங்குனதா?” என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். உரத்தை அலுவலகம் கொடுத்திருந்தால் அந்த விளைச்சல் தன் வயலுக்குப் பொருந்தாது என்று அந்த இடத்திலேயே கழித்துவிடுவார்கள். அது சரியான கணக்குதான்.

கண்ணுக்குத் தெரிகிறது வரப்பைத் தாண்டும். புது ரகம் என்றால் கதிரைப் பார்த்தாலே போதும், விதை கேட்டு ஆள் வந்துவிடும். ஆனால் “இன்னும் மருந்து அடிக்க வேண்டாம், பொறுத்துப் பார்ப்போம்” என்ற முடிவு ஒருவர் தலைக்குள் எடுக்கப்படுகிறது. பக்கத்து வயல்காரருக்கு அது எப்படித் தெரியும்? இந்தோனேசியாவில் நெற்பயிரைப் புகையான் என்ற பூச்சி சூறையாடியபோது, பூச்சிக்கொல்லியே அதன் இயற்கை எதிரிகளைக் கொன்று புகையானைப் பெருக்குகிறது என்று தெரியவந்தது. 1986இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு அடித்துவந்த 57 மருந்துகளைத் தடை செய்தது. 1989இலிருந்து உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. விவசாயிகள் வாரந்தோறும் வயலில் இறங்கி, தீமை செய்யும் பூச்சி எத்தனை, நன்மை செய்யும் சிலந்தி எத்தனை என்று எண்ணி, படம் வரைந்து, தாங்களே விவாதித்து முடிவெடுப்பார்கள். இதைவிட நல்ல பயிற்சி முறையை நான் பார்த்ததில்லை. ஆனால் அங்கே படித்தவர்களிடமிருந்து பக்கத்து விவசாயிகளுக்கு அந்த அறிவு சொல்லிக்கொள்ளும்படி பரவவில்லை என்று 2004இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. எண்ணிப் பார்க்கிற பழக்கத்தைச் சேர்ந்து உட்கார்ந்து கற்றால்தான் உண்டு.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டிவிடுவதால்தான், காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டும் முறைக்குப் பயன்படுகிற அந்தச் சாதாரணக் குழாய் எனக்கு மிகவும் பிடிக்கும். சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கிற சேற்றை எடுத்துவிட வேண்டும். வயலின் மேற்பரப்பு காய்ந்து தெரியும், ஆனால் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் நிற்கும். அது மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் தண்ணீர் கட்டலாம். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. வேருக்குப் பக்கத்தில் ஈரம் இருக்கிறது என்று நான் நூறு தடவை சொன்னாலும் நம்பாதவர், குழாய்க்குள் ஒரு குச்சியை விட்டு நனைந்த இடத்தைப் பார்த்துவிட்டு, “அப்போ நாளைக்கு மோட்டார் போட வேண்டாம்” என்று தானே சொல்வார்.

இதே குழாயைச் சிலர் ஒரு பருவத்திலேயே பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். டீசல் ஊற்றி இறைப்பவருக்கு ஒரு முறை தண்ணீர் குறைந்தால் கையில் காசு நிற்கும். வாய்க்கால் முறைத் தண்ணீரை நம்பியிருப்பவர் நிலைமை அப்படியில்லை. இன்று முறை வருகிறது, அடுத்த முறை எப்போது என்று உறுதியில்லை. அவர் வயலை நிரப்பித்தான் வைப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் நிரப்பித்தான் வைப்பேன். “ஏற்கவில்லை” என்று அவர் பெயருக்கு நேரே எழுதிவிட்டு வந்துவிட்டால், சரிசெய்ய வேண்டியது வாய்க்காலின் முறைநீர் ஏற்பாடு என்பது யாருக்குமே தெரியாமல் போய்விடும்.

என் மனதில் நெடுநாளாக இருப்பது இதுதான்: செய்து பார்த்துவிட்டு விட்டவர்களை யாரும் கேட்பதில்லை. எங்கள் படிவத்தில் எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை பேர் ஏற்றார்கள், எவ்வளவு பரப்பு என்று கட்டங்கள் இருக்கின்றன. விட்டவர்களுக்குக் கட்டம் கிடையாது. ஒற்றை நாற்று நடவு, அதாவது திருந்திய நெல் சாகுபடி, பிறந்தது மடகாஸ்கரில். அங்கேயே, முயன்று பார்த்தவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் பிறகு அதைக் கைவிட்டார்கள் என்று 2003இல் மோசர், பாரெட் ஆகியோரின் ஆய்வு சொன்னது. விளைச்சல் குறைந்ததால் விடவில்லை. அந்த நடவுக்கும் களையெடுப்புக்கும் கூடுதல் உழைப்பு தேவைப்படுகிற சமயமும், ஏழை விவசாயி வீட்டுச் செலவுக்குக் கூலி வேலைக்குப் போயாக வேண்டிய சமயமும் ஒன்றாக வந்தன. தன் வயலில் உழைத்தால் அறுவடைக்குப் பிறகுதான் காசு, அடுத்தவர் வயலுக்குப் போனால் அன்றைக்கே காசு. இதைத் தெரிந்துகொள்ளாமல் பயிற்சியை மட்டும் திரும்பத் திரும்ப நடத்தி என்ன பயன்?

அலுவலர் போய்க் கேட்டால் யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். “எல்லாம் நல்லாத்தான் சார் இருந்துச்சு” என்பார்கள். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போல ஆகிவிடுகிறது. அடுத்த பருவம் என்ன செய்யப் போகிறீர்கள், ஆள் எங்கே பிடிக்கப் போகிறீர்கள் என்று பேசிக்கொண்டே போனால் காரணம் தானாக வெளியே வரும். களை உருட்டுகிற கருவியை ஏன் ஓரமாகச் சாத்திவிட்டார்கள் என்று ஒரு வீட்டில் இப்படித்தான் தெரிந்தது. வீட்டுக்காரர் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி குறுக்கே வந்து, “தள்ளுறது நான்தானே சார்? மண்ணுல ஈரம் கம்மியானா நகர மாட்டேங்குது. ரெண்டு வரிசை போறதுக்குள்ள தோள் விட்டுப்போவுது” என்றார். பயிற்சிக்கு வந்து கையெழுத்துப் போட்டவர் அவர் கணவர். கருவியைத் தள்ளியவர் இவர். களையெடுப்பது பெண்கள் கையில் இருக்கிற இடத்தில் ஆண்களை மட்டும் கூப்பிட்டுக் கருவியைக் காட்டுவது எவ்வளவு அபத்தம்!

எப்போது சொல்கிறோம் என்பதும் அப்படித்தான். கென்யாவில் டுஃப்லோ, கிரெமர், ராபின்சன் ஆகியோர் நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும்போதே வீடு தேடிப் போய் உரத்துக்கு முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டு, பிறகு உரத்தை இலவசமாக வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தச் சின்ன ஏற்பாட்டுக்கு, பின்னாளில் பாதி விலைக்கு உரம் தருவதற்கு இணையான பலன் இருந்தது. பயிர் வளரும்போது போடுகிற மேலுரம் பற்றி நாம் பேசப் போவதோ, கையில் காசெல்லாம் கரைந்த பிறகு. உரக்கடைக்காரர் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர். சாயங்காலமும் கடை திறந்திருக்கும், கொண்டுவந்த இலையைத் திருப்பிப் பார்ப்பார், கடனும் கொடுப்பார். அவர் சொல்கிற மருந்து தேவைதானா என்பது வேறு விஷயம். ஆனால் அவரிடம் போகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போதெல்லாம் வயல்விழாவில் நன்றாக விளைவித்தவரோடு, செய்து பார்த்துக் கைவிட்ட ஒருவரையும் பேசச் சொல்கிறேன். முதலில் மேலதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. கூட்டத்தின் மனம் மாறிவிடுமே என்றார்கள். நடந்தது வேறு. ஒற்றை நாற்று நட்டுப் பாதி வயல் வீணாகிப் போனவர் எழுந்து பேசியதும், சுற்றியிருந்தவர்கள் அவரை விடவில்லை.

“எத்தனை நாள் நாத்து?”

“பன்னெண்டு நாள்.”

“அப்போ நாத்துல தப்பில்லை. வயல் மட்டமா இருந்துச்சா?”

“மேற்கால கொஞ்சம் பள்ளம்.”

“அங்கதான் போச்சா?”

“ஆமா, அங்கதான். மழை வந்து தண்ணி நின்னுடுச்சு, வடியல.”

பத்துப் பன்னிரண்டு நாள் நாற்று சின்னஞ்சிறு பயிர். பள்ளத்தில் தண்ணீர் நின்றால் மூழ்கி அழுகிவிடும். எங்கள் பயிற்சியில் வயலைச் சமப்படுத்துவது ஒரு வரிதான், நாற்றங்காலுக்கோ அரை நாள். வந்தவர்கள் அந்தப் பேச்சை வைத்தே தங்கள் வயலில் எந்த மூலை பள்ளம், வடிகால் எந்தப் பக்கம் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த பருவத்துக்கான பயிற்சியில் பரம்படித்து மட்டம் பார்ப்பதை முதலில் வைத்து, நாற்றங்காலை இரண்டாவதாகத் தள்ளினோம். வயல் வீணான அந்த விவசாயியையே அதைச் செய்து காட்டக் கேட்டிருக்கிறேன். தன் வயலின் கிழக்குப் பாதியில் மட்டும் மறுபடியும் ஒற்றை நாற்று, மேற்குப் பாதியில் வழக்கமான நடவு என்று சொல்லியிருக்கிறார். படிவத்தில் அதை எழுதக் கட்டம் இல்லை. பக்கத்தின் ஓரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன், கட்டம் கேட்டும் எழுதியிருக்கிறேன்.